மாக்கை

பக்கத்து வீட்டுச் சுதாவின் புருசன் வேலைக்கென்று வெளிநாடு போய், அங்கே பட்டாளத்தில் அகப்பட்டுக்கொண்டான். இன்று காலை நான் அங்கே இருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. புது நம்பர். அவள் எடுக்காமல் இரண்டு கைகளையும் புட்டுமாவுக்குள் புதைத்துக்கொண்டாள். நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. அதைப் பார்த்ததும் பயந்துவிட்டேன்.

என் அம்மாவும் அப்படித்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னைப் பெற்ற ஐயா வெள்ளைக்காரனுடைய பட்டாளத்தோடு சண்டைக்குப் போயிருந்தார். வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்டால், அம்மா ஓடிப்போய் மாச்சட்டிக்குள் கையை விடுவார். மாக்கையில் யாரும் சாவுத் தந்தியைத் தரமாட்டார்கள் என்ற நினைப்பு. நான் அவருடைய சேலைக்குள் ஒளிவேன். சுருட்டு மணக்க மணக்கப் பெரியம்மாதான் வாசல் படலைக்குப் போவார்.

"தந்தியோ, கடிதமோ?"

"கடிதமணை," என்பான் தபாற்காரன்.

பெரியம்மா அங்கே நின்றே சத்தம் வைப்பார்: "கடிதம்தானடி. கையைக் கழுவு."

போன் இன்னும் அடித்தது.

"ஆச்சி, நீங்கள் எடுங்கோ. எனக்கு ஏலாது."

எடுத்தேன். "ஆர் கதைக்கிறது?"

மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது. சுதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சி, நான்தான்."

"அவன்தானடி," என்றேன். "கையைக் கழுவு."