மெழுகிய சுவர்

கல்முனைக்குடியில் எங்கள் வீடு கடலோரத்து ஒடுங்கிய மணல் ஒழுங்கையில் இருந்தது. மண் சுவர், கிடுகுக் கூரை. பெரிய றோட்டுப் பக்கம் எல்லாம் கல் வீடுகள். அங்கே கட்டிலுக்குக் கட்டில் நுளம்பு வலை தொங்கும். இடையில் ஐந்து நிமிட நடைதான். ஆனாலும் குளிர்காய்ச்சல் வருசா வருசம் எங்கள் ஒழுங்கைக்கே வந்தது. காசுக்காரரைக் கண்டால் அதற்கும் மரியாதை என்று நான் அந்த வயதிலேயே நக்கலடிப்பேன். வாய் நீளம் எனக்கு.

எனக்குப் பிறகு, அந்தக் காய்ச்சலில் உம்மா இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்திருந்தார். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்து, "இதையாவது எனக்குத் தந்திடு அல்லாஹ்" என்று உம்மா கேட்பார். கடல் இரைச்சலில் அந்தக் குரல் கரைந்து போகும். இப்போதும் பின்னேரத்தில் கண்ணை மூடினால் எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது.

அப்போதுதான் நுளம்புக்கு மருந்தடிக்கிறவர்கள் வந்தார்கள். சட்டி பானைகளை முற்றத்தில் அடுக்கினோம். வீட்டுக்குள் மருந்து வெள்ளைப் புகாராக, புகை போல எழும்பி மெல்ல மெல்ல இறங்கியது. அது அடங்கியபோது சுவரெல்லாம் மா தெளித்த மாதிரி திட்டுத் திட்டாகக் கிடந்தது. அவர்களில் காரைதீவிலிருந்து வந்த ஒருவர் பம்பை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் திரும்பி வாற வரைக்கும் இந்தச் சுவரை மெழுகக்கூடாது. இதில வந்து இருக்கிற நுளம்பு சாகும். கல் வீட்டுக்காரருக்கு வலை இருக்கு. உங்களுக்குச் சுவர்தான் வலை. உம்மாட்டச் சொல்லு, என்ன?"

"ஓம்" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த மாதம் பெருநாள். பெருநாளுக்கு முன் ஒழுங்கை முழுக்கக் களிமண் குழைத்துச் சுவர் மெழுகும். எங்கள் வீடு மட்டும் திட்டுத் திட்டாக நின்றால் கூட்டாளிமார் சிரிப்பார்களே. உம்மாவுக்குக் குனிய முடியாது. வாப்பா தூரத்தில், கோமாரியில் மீன் வாடியில் தங்கித் தொழில் செய்தார். இரண்டு நாள் நானே களி சுமந்து, நானே மெழுகினேன். காய்ந்த பிறகு வெயில் பட்டுச் சுவர் மினுங்கியது. உம்மா என் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவி, "எண்ட கிளி, கை நோகுதா?" என்று கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பெருநாள் கழிந்து சில வாரத்தில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல். சுவர்கள் தூரப் போய்ப் போய்த் திரும்பி வந்தன. கடல் வாசலுக்கு வந்து, பாயில் என் பக்கத்தில் படுத்தது. உம்மாவின் கை என் நெற்றியில் இருந்ததா, நான் கனவு கண்டேனா, இன்றைக்கும் தெரியாது. நான் எழும்பி உட்கார்ந்த நாளில் வாப்பா வெள்ளைத் துணியில் எதையோ சுற்றி, அடக்கம் செய்ய மையவாடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஏழாம் மாதம். தம்பி. அழவே இல்லையாம்.

மருந்துக்காரர் திரும்பி வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"மெழுக வேண்டாமெண்டு சொன்னேனே. நீ உம்மாட்டச் சொல்லல்லியா?"

உம்மா கதவுக்குப் பின்னால் நின்றார். அப்படி ஒரு தடை இருந்தது என்பதையே அவர் அந்த நிமிடம்தான் அறிந்தார். வெளி ஆண்களோடு ஒரு நாளும் கதைக்காத உம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து தெளிவாகச் சொன்னார்:

"பிள்ள சொன்னது. நான்தான் கேக்காம மெழுகின."

உம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.