ஜன்னல் வழியாகப் போட்ட இடம்

காலை ஏழரை மணிக்கு இராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். நான், என் வீட்டுக்காரர், நாலு வயது மகள் கோமதி. பொங்கல் முடிந்த கரிநாள். ஊரே தூக்குவாளியும் கையுமாகக் கிளம்பியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு ஒன்றே கால் ரூபாய். அங்கிருந்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போய் ஓடையில் குளித்து, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவதாகத் திட்டம். எண்பதுகளின் கடைசியில் எங்களைப் போன்ற மில் சம்பளக்காரர்களுக்கு இதுதான் ஊட்டி, இதுதான் கொடைக்கானல்.

பஸ்ஸில் ஏறியதுமே கோமதி, "நானா, ஜன்னலு!" என்று கத்தினாள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் நல்ல மனிதர். "ஆமா தாயி, ஒன்னத்தான். வா, உக்காரு" என்று நகர்ந்துகொண்டார்.

'நானா?' என்று அவள் தன்னிடம் கேட்டதாக நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நாங்கள் தமிழ்தான் பேசுகிறவர்கள். ஆனால் பக்கத்து வீட்டார் தெலுங்கு. நானும் இவரும் வேலைக்குப் போய்விடுவதால் கோமதி பகல் முழுக்க அந்த வீட்டுப் பிள்ளைகளோடுதான் கிடப்பாள். அதுகள் தங்கள் அப்பாவை 'நானா' என்று கூப்பிடும். அதைக் கேட்டு இவளும் தன் அப்பாவுக்கு அந்தப் பேரையே வைத்துவிட்டாள்.

"தமிழ்ப் பிள்ளைக்கு அப்பான்னு கூப்பிட வாய் வராதா? நீங்க குடுக்கிற செல்லம்" என்றேன்.

"விடு. எப்படிக் கூப்பிட்டா என்ன, நான் திரும்பிப் பாக்கேன்ல?" என்று சிரித்தார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு எட்டு கிலோமீட்டர். கரிநாளுக்காக ஓடிய வேனில் ஆளுக்கு இரண்டு ரூபாய், பிள்ளைக்கு மடி. மாந்தோப்புகளைத் தாண்டி வனத்துறைச் சாவடி வந்ததுமே காற்று குளிர்ந்துவிட்டது. ஓடையில் முழங்கால் தண்ணீர். கோமதி பாறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் குளித்தாள். பெரிய மலை அணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவியது. அணில் என்று காட்டினேன். "அது நாய்க்குட்டி, பொய் சொல்லுத" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டோம். வீட்டில் செய்தால் ஏறிட்டும் பார்க்காத துவையலை இவர் அங்கே இரண்டு தரம் கேட்டு வாங்கினார். அதுவரை ஒரு குறையும் இல்லாத நாள்.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். கோயில் கோபுரத்தை வாசலிலிருந்தே அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அரைக் கிலோ பால்கோவா வாங்கினோம். பொட்டலத்தைக் கோமதி யாரிடமும் தரவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடம் போட்டவருடையது. பெரும்பாலும் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கைக்கு வேறு எதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளையைப் போடுவதும் உண்டு.

'இராஜபாளையம்' என்ற பலகையோடு ஒரு வண்டி உள்ளே வந்தது. ஒரு சீட்டில் இருந்தவர்கள் இறங்க எழுந்ததை இவர் பார்த்துவிட்டார். துண்டு ஓடையில் நனைந்து ஈரமாக இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கோமதியைத் தூக்கி ஜன்னலுக்குள் விட்டுவிட்டார். உள்ளே யாரோ வாங்கி உட்காரவைத்தார்கள்.

"கோமதி, யாரு கேட்டாலும் எந்திரிக்காத. நானா வாராருன்னு சொல்லு!"

ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றினோம். "ராசபாளையம் வண்டிதான?" என்று இவர் கேட்க, முன்னால் நின்றவர் "ஆமா, ராசபாளையம் வண்டிதான்" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து கண்டக்டர் கத்தினார்: "கூமாப்பட்டி, வத்ராப் ஆளு மட்டும் ஏறு! ராசபாளையத்துலருந்து வார வண்டி இது, அங்க போகாது!"

இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, எறங்கு எறங்கு. தப்பு வண்டி."

இறங்கினோம். விசில் கேட்டது. வண்டி எங்கள் ஊருக்கு நேர் எதிர்த்திசையில், மதுரை ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. இவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வேளை. ஏறியிருந்தா கூமாப்பட்டியிலதான் போய்ப் படுத்திருக்கணும்" என்றார். நானும் தலையாட்டினேன். பிறகு கையில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"பால்கோவா எங்க?"

"கோமதிட்ட" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவர் தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வண்டி கண்ணுக்கே தெரியவில்லை.

பஸ் நிலைய வாசலில் நின்ற அம்பாசிடர் டாக்ஸி டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். "மொதல்ல ஏறுங்கம்மா. பேச்செல்லாம் பொறவு."

கிருஷ்ணன்கோவில் பத்துக் கிலோமீட்டர். வத்ராப் என்கிற வத்திராயிருப்புக்கும் கூமாப்பட்டிக்கும் போகிற வண்டி அங்கேதான் மேற்கே திரும்பும். வாய்க்கு வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். வழியில் ஒவ்வொரு நிறுத்தமும் எனக்குப் பயமாக இருந்தது. இங்கே இறங்கியிருப்பாளோ, யாராவது இறக்கிக் கூட்டிப் போயிருப்பார்களோ என்று மரத்தடியில் நிற்கிற முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். சிரிக்காத இவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அது இன்னும் பயமாக இருந்தது.

டிரைவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் துண்டத்தான போடுவாக. நீங்க பிள்ளையப் போட்டுட்டு எறங்கிட்டீகளே சார்" என்றார்.

கிருஷ்ணன்கோவில் திருப்பத்தில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கீழே இறங்கி, வந்த வழியைப் பார்த்து நின்றார். என்னைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒங்க பிள்ளையாம்மா? யாரு கூட வந்தன்னு கேட்டா 'நானா'ங்கா. ஒன்னத்தான் கேக்கேன்னா திரும்பவும் 'நானா'ங்கா. ஒங்கப்பா பேரு என்னன்னா அதுக்கும் 'நானா'. பிள்ளை நம்மளக் கேலி பண்ணுதான்னு டிக்கெட் போடப் போயிட்டேன். பொறவு இந்தம்மாதான் சொன்னாக."

படியருகே நின்ற ஒரு பெண் தலையை நீட்டினாள். "நான் ராசபாளையம்க்கா. எங்க தெருவுல தெலுங்கு வீட்டுப் பிள்ளைக அப்பனத்தான் அப்படிக் கூப்பிடும். அய்யய்யோ, இது அப்பன விட்டுட்டு வந்துருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. வண்டிய நிப்பாட்டுங்கன்னு கத்திட்டேன்."

உள்ளே ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். கைப்பிள்ளைக்காரிகூட கம்பியைப் பிடித்து நின்றாள். அத்தனை பேருக்கு நடுவே ஒரு சீட்டில் கோமதி மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து கால் இரண்டையும் நீட்டியிருந்தாள். மீதி இடத்தில் பால்கோவாப் பொட்டலம் இருந்தது, பிரிக்காமல்.

"எம்புட்டோ சொல்லிப் பாத்தோம்மா. நானா வாராருன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. யாருக்கும் உக்கார மனசு வரல" என்றார் பக்கத்தில் நின்றவர்.

நான் அவளை வாரித் தூக்கப் போனேன். சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிக்கக் கூடாது. நானா வரணும்."

அழுத தடம்கூட அவள் முகத்தில் இல்லை. அவளைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். அதுதான் என்னை உலுக்கியது. கூமாப்பட்டி வரைக்கும், அதற்கு அப்பால் மலை வரைக்கும் இவள் இப்படியே இடம் பிடித்துக்கொண்டு போயிருப்பாளே.

இவர் பின்னால் ஏறி வந்தார். கோமதி பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் தட்டினாள். "உக்காரு நானா. ஏன் இம்புட்டு நேரம்?"

இவர் உட்கார்ந்தார். வண்டியே பார்த்துக்கொண்டிருக்க, குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பப் போலாம்" என்று கோமதிதான் எழுந்தாள்.

டாக்ஸிக்காரர் பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு எங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் விட்டுவிட்டுப் போனார். தூக்குவாளியை யாரோ ஒரு கடையில் எடுத்து வைத்திருந்தார்கள். செண்பகத்தோப்பு எப்படி இருந்தது என்று பிறகு பலபேர் கேட்டார்கள். நல்ல இடம், தாராளமாகப் போய் வாருங்கள். தண்ணீர் சுத்தம், நிழல் உண்டு. திரும்பும்போது மட்டும் நின்றுகொண்டே வாருங்கள்.

அன்று நாங்களும் அப்படித்தான் வருவதென்று முடிவு செய்திருந்தோம். இராஜபாளையம் வண்டி வந்தது. நான் இரண்டு பேரிடம் கேட்டு, கண்டக்டரிடமும் கேட்டு, சரியான வண்டிதான் என்று உறுதிசெய்துகொண்டேன். பின்படியை நோக்கி நடந்தபோது ஜன்னலிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார்.

"பிள்ளையக் குடுங்கம்மா, இடம் போட்டு வைக்கேன்."

இவர் கோமதியைப் பார்த்தார். அவள் பால்கோவாப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்குத் தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றாள்.