பாருக்கு வாங்கிய நாலு லைற்றுகள்

நாங்கள் வாசிக்கிற மூலைக்கு மேலே ஒரேயொரு ரியூப் லைற்தான் இருந்தது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தங்குவிடுதியின் கீழ்த்தளத்தில் இருக்கும் பார் அது. எங்களுக்கு இடப்பக்கம் பியர்ப் போத்தல்கள் அடுக்கிய கண்ணாடிக் குளிர்ப்பெட்டி, வலப்பக்கம் சமையல் நடக்கிற குசினிக்குப் போகிற கதவு. நடுவில் மிஞ்சிய இடத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாலு பேர் நெருக்கியடித்து நின்று வாசிப்போம். குளிர்ப்பெட்டிக்குள் எரிந்த வெளிச்சம் எங்கள் தலைக்கு மேல் எரிந்ததைவிடப் பிரகாசமானது. வந்தவர்கள் எங்களைக் கேட்டார்கள்; பார்த்தது என்னவோ போத்தல்களைத்தான்.

நான் கிற்றார். பகலில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். ட்றம்ஸ் அடிப்பவர் சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரி, எங்களில் மூத்தவர், எல்லாருக்கும் அவர் அண்ணை. கீபோர்ட்காரன் என் வயது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்கிற வேலை, ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பான். பாடுகிறவர் உடுப்பிட்டிப் பக்கம் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிக்கிறார். அவரை நாங்களும் ரீச்சர் என்றே கூப்பிட்டோம்.

ரீச்சரின் குரலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பாடும்போது தலை நிமிராது. பாட்டுக் கொப்பியையே பார்த்துக்கொண்டு பாடுவார். பாட்டுகள் பாடமில்லையாக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் லீவுக்கு ஊருக்கு வருகிற ஆகஸ்ட் மாதம் நெருங்கியபோது மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் வாசிக்கிறியள். ஆனா பாக்கேக்கை, ஆஸ்பத்திரியிலை நம்பர் எடுத்துப்போட்டு இருக்கிற ஆக்கள் மாதிரிக் கிடக்கு. ஏதும் லைற் போடுங்கோவன்."

நான் போய்ச் சொன்னதும் கீபோர்ட்காரனுக்கு மனம் நொந்துவிட்டது. "நம்பர் எடுத்துப்போட்டு இருக்கிறவையை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். அவை எங்களைவிட உசாராத்தான் இருப்பினம்."

மனேஜர் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். சுவரிலும் கூரையிலும் ஓட்டை போடக்கூடாது. இரண்டு பிளக்குக்கு மேல் கேட்கக்கூடாது. எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று சேர்த்தோம்: இரண்டு மாதம் வாசித்துக் கிடைப்பதற்கு மேல் செலவழிப்பதில்லை.

மருந்துக்கடையில் ஆள் வராத நேரமெல்லாம் நான் போனில் லைற் பார்த்தேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கூரையெல்லாம் வெளிச்சம் அடிக்கிற சுழல் லைற்றுகளில் மனம் போய்விட்டது. புகை விடுகிற மெஷின் ஒன்றும் இருந்தால் நல்லது என்று அண்ணையிடம் சொன்னேன்.

"குசினிக் கதவைத் திறந்தாலே புகை வருது. அதுக்கும் மெஷினோ?" என்றார்.

அவருக்குத் தெரிந்த ஒருவர் சுன்னாகத்தில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் லைற் வாடகைக்கு விடுகிறார். பாவித்தவற்றை விற்பதும் உண்டு. கீபோர்ட்காரனின் ஆராதனை முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் அவருடைய கொட்டிலுக்குப் போனோம். நான் சுழல் லைற் என்று வாய் திறக்க முதல் அவர் கேட்டார்:

"கூரை எவ்வளவு உயரம்?"

ஒருவருக்கும் தெரியாது. அண்ணை கொஞ்சம் யோசித்து, "நான் குச்சியைத் தூக்கினா முட்டாது. ரீச்சர் கதிரையிலை ஏறினா முட்டும்," என்றார்.

"அப்ப உந்தச் சுழலுற சாமான் உங்களுக்குச் சரிவராது. பதிஞ்ச கூரையெண்டா அது சாப்பிடுற ஆக்களின்ரை கோப்பைக்குள்ளைதான் சுழலும். கொத்துரொட்டி பச்சையாத் தெரிஞ்சா ஆர் சாப்பிடுவினம்?"

சின்ன வாளி அளவில், முகம் நிறையக் குட்டி விளக்குகள் பதித்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இதுதான் உங்களுக்குத் தோது. பார் லைற் எண்டு சொல்லுறது."

"எங்கடை பாருக்கெண்டே செய்ததோ?" என்று அண்ணை கேட்டார். இல்லை, உலகம் முழுக்க அதற்கு அதுதான் பெயராம்.

கதவுகளைச் சாத்திவிட்டு ரீச்சரை முன்னால் நிறுத்தினோம். பச்சை போட்டதும் கீபோர்ட்காரன், "மஞ்சட்காமாலை," என்றான். நீலத்துக்கு, "இரத்தம் காணாது." சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளையாக்கினால் ரீச்சர் சாம்பல் பூசினது போல நின்றார். கடைக்காரர் அதைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார். அதில் அந்த மூன்று நிறத்தோடு இளமஞ்சள் வெள்ளைக்கென்றும் தனி விளக்குகள் இருந்தன. பின்னேர வெயிலில் நிற்கிற மாதிரி ரீச்சரின் முகம் தெளிந்தது.

"எங்கடை தோலின்ரை நிறத்துக்கு இதுதான் எடுபடும். மலிவெண்டு மூண்டு நிறம் மட்டும் உள்ளதை முகத்துக்கு அடிச்சுப்போடாதேங்கோ. அது பின்சுவருக்குப் போதும்," என்றார் அவர்.

கீபோர்ட்காரன் ஒவ்வொரு லைற்றிலும் காதை வைத்துப் பார்த்தான். சூடாகாமல் இருக்க உள்ளே ஒரு குட்டிக் காற்றாடி சுற்றும். ஒன்று கிர்ரென்று இரைந்தது. "மெல்லிய பாட்டுக்கு இதுவும் சேர்ந்து பாடும்," என்று அதை ஒதுக்கினான். கடைசியில் இளமஞ்சளில் இரண்டு, வெறும் நிறத்தில் இரண்டு, லைற்றை உயர்த்தி வைக்க இரண்டு தாங்கிகள் என்று முடிவாயிற்று. ஒரு லைற்றிலிருந்து அடுத்ததற்கு வயர் போகும், ஆகவே ஒரு பிளக் போதும்.

புறப்படும்போது நான் ஒரு பொத்தானைக் கண்டேன். அழுத்தினால் சத்தத்துக்கு ஏற்ப நிறம் மாறும். கைதட்டினேன்: சிவப்பு. திரும்பவும் தட்டினேன்: நீலம். என் சந்தோசத்தைப் பார்த்த கடைக்காரர், "அதை நிப்பாட்டி வைக்கிறதுதான் நல்லம்," என்றார். அது என் காதில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலையும் நானே பூட்டி வயர் கொடுத்தேன். எல்லாம் சத்தத்துக்கு மாறுகிற மாதிரி. முதல் பாட்டுப் பிரமாதம். இரண்டாவது பாட்டில் மூன்றாம் மேசைக்காரர் ஏதோ பகிடிக்குக் கைதட்ட, நாங்கள் எல்லாரும் நீலமானோம். மனிசன் அதைக் கண்டுவிட்டார். இன்னொரு தரம் தட்டினார், பச்சையானோம். பிறகு அந்த மேசை முழுக்கத் தட்டத் தொடங்கியது. குசினியில் யாரோ தட்டமொன்றைப் போட்டுடைக்க நாலு லைற்றும் மின்னி எழுந்தன.

மெல்லிய பாட்டு வந்தது. எல்லாம் சிவப்பானது. என் கொப்பியைப் பார்த்தேன், பக்கம் வெறுமை. கிற்றாருக்கான கோர்ட்ஸ் எல்லாவற்றையும் நான் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது என்பது மருந்துக்கடையில் நிற்கிறவனுக்கு யோசனையில் வரவில்லை. கை போன போக்கில் வாசித்தேன், முந்தின பாட்டின் கோர்ட்ஸ்தான் வந்தது. என் பிழையை மறைக்க அண்ணை பலமாக அடித்தார். அவர் அடிக்க அடிக்க லைற் இன்னும் வேகமாக மாறியது. பாட்டின் நடுவில் ரீச்சர் சிரித்துவிட்டார். சனமெல்லாம் சிரித்தது. அன்று கிடைத்த அளவு கைதட்டல் எங்களுக்கு அதற்கு முன் கிடைத்ததேயில்லை. முழுவதும் லைற்றுக்கு.

புதன்கிழமை மத்தியானம், பார் பூட்டியிருக்கிற நேரத்தில், நாலு பேரும் திரும்ப அங்கே போனோம். இந்த முறை ரீச்சர் பொறுப்பெடுத்தார்.

"கீழையிருந்து அடிச்சா பேய் மாதிரி இருக்கும். நேரை அடிச்சா முகம் சப்பையாத் தெரியும். ரெண்டு பக்கத்தாலையும் சரிவா, தலைக்கு மேலாலை வரவேணும்," என்று சொல்லி, கையை விரித்துக் கோணம் காட்டினார். இளமஞ்சள் இரண்டையும் தாங்கிகளில் ஏற்றி இரு பக்கமும் வைத்தோம். மற்ற இரண்டும் எங்களுக்குப் பின்னால் நிலத்தில், சுவரைப் பார்த்தபடி, கடும் நீலத்தில். ஒன்றும் மாறாது, ஒன்றும் மின்னாது. நான் ஒரு மேசையில் இருந்துகொண்டு எல்லாக் கோர்ட்ஸையும் கறுப்பு மையில் எழுதினேன்.

பிறகு ரியூப் லைற்றை அணைத்தோம். ரீச்சர் மைக்குக்கு முன்னால் போய் நின்றவர் பாடவில்லை. எதிரே பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன ரீச்சர்?"

"மேசையள் ஒண்டும் தெரியேல்லை."

கண் கூசுகிறதாக்கும் என்று நான் வெளிச்சத்தைக் குறைக்க ஓடினேன்.

"குறைக்காதேங்கோ! அப்பிடியே விடுங்கோ," என்று கத்தினார். பிறகுதான் விசயத்தைச் சொன்னார். "ஒவ்வொரு சனியும் என்ரை பிள்ளையளின்ரை தேப்பன்மாரிலை ஒருத்தராவது இருப்பார். என்னைக் கண்டவுடனை அவர் கிளாசை மேசைக்குக் கீழை வைப்பார். நான் கொப்பியைப் பாப்பன். ரெண்டுபேரும் பாட்டு முடியுமட்டும் அப்பிடியே இருப்பம்."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை நாள் அவருக்குப் பாட்டுப் பாடமில்லை என்றல்லவா நினைத்திருந்தோம்! கொப்பியை மூடி அண்ணையிடம் கொடுத்துவிட்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடினார். ஒரு சொல்கூடப் பிழையில்லை.

அந்தச் சனிக்கிழமை ரீச்சர் தலையை நிமிர்த்திப் பாடினார். குரல் எங்கள் மூலையைத் தாண்டி வாசல்வரை போனது. பேசிக்கொண்டிருந்த மேசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. குளிர்ப்பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை.

இடைவேளையில் ஒருவர் தயங்கித் தயங்கி வெளிச்சத்துக்குள் வந்தார்.

"ரீச்சர், நான் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்டின்ரை அப்பா."

"தெரியும்," என்றார் ரீச்சர்.

"நல்லாப் பாடினியள். வீட்டிலை போய்ச் சொல்லட்டோ?"

"ஓம், சொல்லுங்கோ. எங்கை இருந்து கேட்டனியள் எண்டதையும் சேர்த்துச் சொல்லவேணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப கொஞ்சம் யோசிச்சுப் பாக்கிறன் ரீச்சர்."

வீட்டில் என்ன கதைத்தாரோ தெரியாது. இரண்டு கிழமை கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து முன்மேசையில் இருந்தார். அந்த அம்மா ஒரு பழைய பாட்டின் முதல் வரியைத் துண்டில் எழுதி அனுப்பினார். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பாட்டு வராது. அடுத்த சனி பாடுகிறோம் என்று ரீச்சர் மைக்கிலேயே அறிவித்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க அண்ணையின் வெங்காய மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்குள் இருந்துகொண்டு அதைத்தான் பழகினோம்.