சீட்டில் விழுந்த புத்தகம்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது இறால் வாடைதான். பழவேற்காட்டிலிருந்து படகில் ஏற்றிவந்த அட்டைப் பெட்டிகள் பாதி வழியிலேயே நனைந்து பிய்ந்துபோக, கரையில் கிடந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டி ஒன்றை யாரோ கழுவியும் கழுவாமலும் எடுத்துவந்து, புத்தகங்களை எல்லாம் அதில் அடுக்கிவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் கடையில் ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து முகத்தருகே கொண்டுபோனால், ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே எனக்குத் தோன்றும். இறால் வாடை குறைகிறது என்று கடைக்காரரிடம் சொல்ல முடியுமா?

புத்தகங்கள் எங்கள் குப்பத்துக்கு வந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஐப்பசியில் அடித்த புயல். ஊரில் ஐந்து பேர் போனார்கள். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர்களில் என் "நைனா"வும் ஒருவர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அப்போது எனக்கு எட்டு வயது; வீட்டில் என்னைக் கூப்பிடுகிற பெயர் "பாப்பா".

அம்மா ஊர் வழக்கப்படி அழுதாள், முறைப்படி செய்யவேண்டியதை எல்லாம் செய்தாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகுதான் அவளுடைய பேச்சு நின்றது. "சாப்டு", "படு", பேன் பார்க்க "தலைய காட்டு" என்று ஒரு நாளைக்கு நாலு சொல், அதற்குமேல் ஐந்தாவது வராது. அதைவிடப் பெரிய சங்கதி, அவள் தண்ணீரில் இறங்குவதை விட்டுவிட்டாள். அம்மா கையால் இறால் பிடிக்கிறவள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தியபடி நகர்ந்துகொண்டே, கண்ணுக்குத் தெரியாத சேற்றை இரண்டு கையாலும் தடவித் தடவி, விரலில் தட்டுப்படுகிற இறாலை அமுக்கிப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பனை ஓலைப் "பறி"க்குள் போடுவாள். பெட்டி மாதிரி முடைந்த அந்தப் பறி ஆறு மாதமாக எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது; அதன் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

ஆரம்பாக்கத்தில் இருந்த பெரியம்மாதான் எங்கள் அடுப்பு எரிவதற்கு வழிசெய்துகொண்டிருந்தாள். அம்மாவின் அக்கா. வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, கொண்டுவந்த அரிசியையும் காய்கறியையும் இறக்கிவைத்துவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோடை விடுமுறை தொடங்கியதும் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள இவ தண்ணியில எறங்கலன்னா பொண்ண நான் இட்டுக்கினு போய்டுவேன். ரெண்டு பேரும் இப்டியே கெடந்தா இன்னா ஆவறது?"

பெரியம்மா கெட்டவள் இல்லை. அவள் வீட்டில் ஃபேன் உண்டு, டிவி உண்டு. ஆனால் மூன்றும் பையன்கள். என் முடியைப் பார்த்துவிட்டு, ஆரம்பாக்கம் வந்ததும் ஒட்ட வெட்டிவிடலாம், பேன் தொல்லை விட்டது என்று போகிற போக்கில் சொன்னாள். எனக்கு முடிகூடப் பெரிதில்லை. நான் போய்விட்டால் அம்மா அந்த நாலு சொல்லை யாரிடம் சொல்வாள் என்பதுதான் என் பயம். அதுவும் நின்றுபோகும், பிறகு அவளும் நின்றுபோவாள் என்று நிச்சயமாக நம்பினேன்.

இந்த நேரத்தில்தான் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா சென்னையிலிருந்து புத்தகங்களோடு வந்தார். துக்கத்தில் இருக்கிற ஊருக்கென்றே தேர்ந்தெடுத்தவை. மனசு ஆறுவதற்குச் சில, அன்றாடம் பார்க்கிற சின்னச் சின்ன விஷயங்களை ஆச்சரியமாகப் பார்க்கப் பழக்குவதற்குச் சில. ஒவ்வொன்றின் அட்டையிலும் வட்டமாக ஒரு வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தார். சிவப்பு என்றால் நான்கு முதல் ஆறு வயதுக்கு, மஞ்சள் பத்து வயது வரைக்கும், நீலம் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பச்சை பெரியவர்களுக்கு. பொறுமையாகத்தான் விளக்கினார். அந்த நேரம் பார்த்துப் படகுகள் கரை சேர்ந்ததால், ஊர் அதைப் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன், வயது பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் கிளம்பினார்.

வயது பார்த்து யார் கொடுப்பது? அங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது. ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்கு "பாடு" என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்பதைச் சண்டை வராமல் தீர்க்கச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். நல்ல இடம் விழுந்தால் அதிர்ஷ்டம். மோசமான இடம் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த முறை வரும்வரை அங்கேதான் வலை கட்டவேண்டும். மாற்றிக்கொள்ளக் கூடாது. விழுந்த பாட்டைச் சும்மா போடவும் கூடாது. அது ஊருக்கே அவமானம். இந்த வீட்டுக்கு இது, அந்த வீட்டுக்கு அது என்று ஆள் பார்த்துக் கொடுப்பது எங்கள் ஊரில் கேள்விப்படாத அநியாயம். ஆகவே புத்தகத்துக்கும் சீட்டு என்று முடிவாயிற்று. ஒரு வீட்டில் எட்டு நாள், பிறகு அடுத்த வீட்டுக்கு.

கோயில் முன்னால் பானையை வைத்துக்கொண்டு கன்னியப்பன் மாமா உட்கார்ந்தார். ஊர்க் காரியங்களை முன்நின்று செய்கிறவர் அவர். கையில் பாடு எடுக்கிற வீடுகளின் பழைய பட்டியல்; அதைப் பார்த்தே வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர், வாய்ப் பழக்கத்தில், "ஏகாம்பரம்" என்று கூப்பிட்டுவிட்டார். என் நைனாவின் பெயர். நைனா போன பிறகு வலை கட்ட ஆண்பிள்ளை இல்லை என்று எங்கள் வீடு பாடு எடுப்பதிலிருந்து விலகியிருந்ததால், ஆறு மாதமாக அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை. மாமா முகம் கறுத்துப்போய், பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்: "வூட்டுல யார் கீறாங்களோ, வாங்க."

பெண்கள் சீட்டுப் பானையில் கை விட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த அம்மா, என் கையை விட்டுவிட்டு நேராக நடந்துபோய்ப் பானையில் கை விட்டாள். அவளுக்கு விழுந்தது, பன்னிரண்டே பக்கமுள்ள ஒரு பெரிய படப் புத்தகம். அட்டையில் சிவப்பு வட்டம்.

மற்றவர்களுக்கு விழுந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். துக்கத்தை எப்படித் தாங்குவது என்று பச்சை வட்டம் ஒட்டிய தடிப் புத்தகம், கல்யாணமாகி மூன்று வாரமே ஆன ஒரு ஜோடிக்குப் போயிற்று. கன்னியப்பன் மாமாவுக்கு, இருட்டைக் கண்டு பயப்படுகிற ஒரு முயல்குட்டியின் கதை. அவர் அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வலைக்குப் போகும்போதும் கூடவே கொண்டுபோனார். அடுத்த வாரம் வந்த டீச்சரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. குறைந்தபட்சம் எங்கள் அம்மாவின் புத்தகத்தையாவது அந்தப் புதுப்பெண்ணோடு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுப்பார்த்தார். மாமா மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சீட்டுல வுழுந்தது வுழுந்ததுதாம்மா. இதுல மாத்துனா நாளைக்கு ஏரியிலயும் மாத்தச் சொல்லுவானுங்க."

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நான் சரளமாகப் படிப்பேன் என்ற மிதப்பில், கொடு நான் படிச்சுக் காட்டுறேன் என்று புத்தகத்தை இழுத்தேன். அவள் விடவில்லை. "சீட்டு என் கையில வுழுந்திச்சு. நான்தான் படிக்கணும்" என்றாள். எண்ணிப் பார்த்தேன், ஆறு சொல். எனக்கு அழுகை வந்துவிட்டது; மூக்கைச் சிந்துகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அந்தப் புத்தகத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சிறுமி, பக்கத்துக்கு ஒன்றாக எதையாவது பார்க்கிறாள். இலையில் நிற்கிற நீர்த்துளி, தன்னைவிடப் பெரிய சோற்றுப் பருக்கையை இழுத்துப்போகிற எறும்பு, மண்ணில் கிடந்த ஒரு சட்டைப் பொத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே ஒரு வரி, அதன் கீழே வெற்றுக் கட்டம். "இன்று நீ என்ன பார்த்தாய்? இங்கே வரை." நாலு வயதுப் பிள்ளைக்குச் சொன்னதை அம்மா தனக்கு இட்ட வேலையாக எடுத்துக்கொண்டாள். சீட்டில் விழுந்த பாட்டைச் சும்மா போடக் கூடாதே. முதல் நாள் வெகுநேரம் கட்டத்தையே பார்த்துவிட்டு, வீட்டுக்குள் பார்க்க ஒன்றும் இல்லை என்பதாலோ என்னவோ, எழுந்து பின்பக்கம் போய் நின்றாள். என் நீல மைப் பேனாவால் வேலியில் உட்கார்ந்திருந்த ஓணானை வரைந்தாள். அது ஓணான் என்று நான் சொல்வதை நீங்கள் நம்பத்தான் வேண்டும். மறுநாள் தெருவரை போனாள். அதற்கு மறுநாள் ஏரிக்கரை. ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அது இன்னா அதிசயம் என்று அவற்றை விட்டுவிட்டு, வளையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு ஓடி ஒளிகிற நண்டின் ஒற்றைப் பெரிய கொடுக்கை மட்டும் வரைந்தாள். ஆனால் தண்ணீரில் கால் வைக்கவில்லை. தண்ணீர் வந்து தொடுகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடுவாள். பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லை. நான் மிச்சமிருக்கிற நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

ஏழாம் நாள் சாயந்திரம் வந்த பக்கத்தில், அந்தச் சிறுமி கண்ணை மூடிக்கொண்டு எதையோ தொட்டுக்கொண்டிருந்தாள். கீழே இருந்த வரியை அம்மா கூட்டிக் கூட்டிப் படித்தாள். "கண்ணை மூடிக்கொள். ஒன்றைத் தொட்டுப் பார். அது என்ன?" படித்துவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதத்தான நாங்க தெனம் செஞ்சிக்கினு இருந்தோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கட்டத்தில் எதுவும் வரையாமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள். போச்சு, இத்தோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை பெரியம்மா என்னைக் கூட்டிப்போக வருவதாக ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலையில் நான் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மா இல்லை. ஆணியில் பறியும் இல்லை. பறியை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள் என்று புரிந்தது. ஆனால் அது நைனாவை வாங்கிக்கொண்ட தண்ணீர். ஓடினேன். கரையில் துணிப்பையோடு பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்த திசையில், நாலைந்து பெண்களோடு, இடுப்பளவுத் தண்ணீரில் அம்மா.

பெரியம்மா அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. பல்லில் பறி இருக்கும்போது யாராலும் பேச முடியாது. ஆறு மாதமாக அம்மா பேசாமல் இருந்ததை எல்லாம் பார்த்துப் பயந்தவள் நான். அன்றைக்கு அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வேலை செய்கிறவளின் வாய் அப்படித்தான் இருக்கும். வெகுநேரம் கழித்துக் கரையேறி, பறியை வாயிலிருந்து எடுத்து, கலங்கிய தண்ணீரை முகத்திலிருந்து வழித்துவிட்டுச் சொன்னாள். "பொண்ணு இங்கியே இருக்கட்டும்க்கா. நான் எறங்கிட்டேன்."

பெரியம்மா தங்கையின் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள். அன்றே எட்டு நாள் முடிந்ததால் புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அந்தப் பக்கத்துக் கட்டத்தில் அம்மா கடைசியில் இறாலைத்தான் வரைந்திருப்பாள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். கேட்கத் தோன்றவில்லை.

புத்தகச் சீட்டு இரண்டு வருஷம் நடந்தது. பிறகு புத்தகங்கள் நைந்துபோயின, டீச்சரம்மாவின் வரவும் நின்றது, ஐஸ் பெட்டி மறுபடி ஐஸுக்கே போயிற்று. அம்மா சுற்றிவந்த ஆழமில்லாத இடமெல்லாம் இப்போது மணல் மேடிட்டுக் கிடக்கிறது. முட்டி தேய்ந்துபோய் அவள் பொன்னேரியில் என்னோடு இருக்கிறாள். நான் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் எத்தனை வயதுக்கு என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிற பெற்றோர்களைப் பார்த்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும்.

போன மாதம் கன்னியப்பன் மாமாவின் பழைய வீட்டை இடித்தார்கள். அவர் மருமகள், டிரங்குப் பெட்டியில் கிடந்ததென்று அந்தச் சிவப்பு வட்டப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நாற்பது வீடு சுற்றிய புத்தகம். ஒரே கட்டத்துக்குள் எல்லா வீட்டுக்காரர்களும் வரைந்து தள்ளியிருந்தார்கள். கண்ணை மூடித் தொடுகிற பக்கத்தில் வலை முடிச்சு, மீன் செதிள், யாரோ ஒருவருடைய தாடி. இறாலும் இரண்டு இருந்தன, ஆனால் அவை வேறு மையில். அம்மாவின் நீல மை மூலையில் இருந்தது; ஆனால் படம் இல்லை. கோணல் எழுத்தில் இரண்டே சொல்: "பாப்பா தலை".

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைக்குப் போலவே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஆமா, அன்னிக்கி ராத்திரி நீ தூங்கிக்கினு இருந்த" என்றாள். "தலையில பேன் அப்டி கெடந்திச்சு. ஆரம்பாக்கத்துல ஒனக்கு யாரு பேன் பாப்பாங்கன்னு நெனச்சேன். எறங்கிட்டேன்."