சத்தத்துக்கு ஐந்து மதிப்பெண்

நவம்பர் 3, திங்கள். காலை 6.40. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் என் மனைவி காலமானாள்.

நவம்பர் 4, செவ்வாய். நியூசிலாந்திலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். மாலையில் தகனம்.

நவம்பர் 15, சனி. பதின்மூன்றாம் நாள் காரியம் நிறைவுற்றது. உறவினர் கலைந்தனர்.

நவம்பர் 16, ஞாயிறு. முற்பகலில், மகளின் துப்பாக்கிக்கு முதல் ஒலியடக்கியை நானும் அவளும் தேர்ந்தெடுத்தோம்.

நவம்பர் 17, திங்கள். காலை 8.15. ஃப்ரிட்ஜின் கதவு திறந்திருந்தது.

நவம்பர் 18, செவ்வாய். தியாகராய நகரில் மகளுக்குக் கேட்புத்திறன் பரிசோதனை.

நவம்பர் 21, வெள்ளி. மகள் திரும்பிச் சென்றாள்.

நடந்தவை இவ்வளவே. இவற்றுள் எது என்னை நிலைகுலையச் செய்தது என்று கேட்பவர்கள் முதல் வரியைச் சுட்டுவார்கள். அந்த மரணத்தை மருத்துவர்கள் ஆறு வாரங்களுக்கு முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்ல வந்தது ஃப்ரிட்ஜைப் பற்றி.

முப்பது ஆண்டுகள் அடையாற்றில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒலியியல் கற்பித்தேன். இயந்திரங்களின் இரைச்சல், அது மனிதக் காதில் விளைவிக்கும் சேதம், இரண்டும் என் பாடங்கள். எங்கள் ஒரே மகள், வயது நாற்பது, நியூசிலாந்தில் ஓர் ஊரில் வேலை பார்க்கிறாள். ஐந்தாண்டுகளாக அங்குள்ள சங்கம் ஒன்றில், பல நூறு மீட்டர் தொலைவில் நிறுத்திய காகித இலக்குகளைச் சுடுவது அவளுடைய வார இறுதிப் பொழுது. துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒலியடக்கியைப் பொருத்திக்கொள்வது அந்நாட்டில் அண்டை அயலாருக்குக் காட்டும் மரியாதை. நம் நாட்டில் தனி ஒருவர் அதை வைத்திருக்க முடியாது. அதனால் நமக்கு அது திரைப்படக் கொலைகாரனின் கருவியாக மட்டுமே தெரியும்.

ஆகஸ்டில் அவள் மூன்று ஒலியடக்கிகளின் விவரங்களை எனக்கு அனுப்பி, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதுவதற்குள் மனைவி நோயில் படுத்துவிட்டாள். பதின்மூன்றாம் நாள் கழிந்த மறுகாலை, வீட்டில் அளக்கக்கூடிய ஏதாவது ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அந்தத் தாள்களை எடுத்தேன்.

மந்தைவெளியிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்துகொண்டிருந்த என் மைத்துனி, மனைவியின் தங்கை, எட்டிப் பார்த்தாள்.

“என்ன அத்திம்பேர், கூடத்துல ஸ்கேலும் பென்சிலும்?”

“துப்பாக்கிக்குச் சைலன்சர்.”

“சைலன்சர்னா பைக்குக்குன்னா? பொண்ணு என்ன, கூலிப்படையில சேர்ந்துட்டாளா?”

மகள் சிரித்தாள். பதின்மூன்று நாட்களில் அந்த வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது.

என் வழக்கப்படி ஓர் அட்டவணை வரைந்தேன். மொத்தம் நூறு மதிப்பெண். கழற்றி மாட்டினாலும் குண்டு அதே இடத்தில் விழ வேண்டும்: நாற்பது. குழலின் நுனியில் தொங்கும் எடை: இருபத்தைந்து. நீளம்: பதினைந்து. தொடர்ந்து சுடும்போது சூடேறி, பார்வைக்கு முன் கானல் எழாமல் இருப்பது: பதினைந்து. சத்தத்தை எவ்வளவு குறைக்கிறது என்பது: ஐந்து.

“சத்தத்துக்கு அஞ்சுதானாப்பா?” என்றாள் மகள்.

“நீதான் காதுக்குக் காப்புப் போட்டுக்கறியே. குண்டு ஒலியை விட வேகமாப் போறது. அது காத்தைக் கிழிச்சுண்டு போற சத்தத்தை எந்தக் குழாயும் அடக்காது. குழல் வாயில வர வெடியை மட்டும்தான் கொறைக்கும். அதுக்காக அரைக் கிலோ உலோகத்தை நுனியில தொங்கவிட்டா, குறி என்னத்துக்கு ஆகும்?”

அவள் தாளையே சிறிது நேரம் பார்த்தாள்.

“சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மூன்றில் மிகச் சிறியதும் இலேசானதும் வென்றது. மூன்றில் சத்தத்தைக் குறைவாக அடக்குவதும் அதுவே. கூட்டலை இருமுறை சரிபார்த்தேன்.

மறுநாள் காலை. மகள் ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கதவு சரியாக மூடவில்லை. ஒரு நிமிடம் கழிந்ததும் அது எச்சரிக்கத் தொடங்கியது. நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய, கூரிய, விட்டுவிட்டு வரும் ஒலி. கூடத்தில் செய்தித்தாளோடு இருந்த எனக்கு அது பல்லைக் கூசச் செய்தது. அவள் ஓரடி தூரத்தில் நின்று நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“கதவைச் சாத்தேன்மா!”

அவள் திரும்பவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று எண்ணினேன். அப்போதுதான் உள்ளே வந்த மைத்துனி பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டுக் கதவை மூடினாள். பிறகு என்னிடம், எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்வதுபோல், “அவளுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் கேக்காதே, அத்திம்பேர்” என்றாள்.

“என்ன?”

“அக்கா உங்ககிட்ட சொல்லலையா?”

என் முகத்தைப் பார்த்ததும் அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மகளின் கேட்புத்திறன் குறைந்துவருவது ஒன்றரை ஆண்டுகளாக மனைவிக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும். வீடியோ அழைப்பு வரும்போதெல்லாம் “மொதல்ல லைட்டைப் போடுங்கோ” என்று மனைவி என்னை விரட்டியதை, மகள் தன் முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்ற தாயின் ஆசை என்றே நான் நினைத்திருந்தேன். மனைவி காட்டியது எங்கள் உதடுகளை, மகள் அவற்றைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள. மகள் “என்னப்பா? என்னப்பா?” என்று கேட்டபோதெல்லாம், கவனம் சிதறுகிறது என்று நான் அவளைக் கடிந்திருக்கிறேன்.

“‘அவர்கிட்ட மட்டும் சொல்லாதே. காதைப் பத்தி முப்பது வருஷம் க்ளாஸ் எடுத்தவர், ஒடைஞ்சு போயிடுவார்’னா அக்கா” என்றாள் மைத்துனி.

நான் செய்தித்தாளை மடித்தேன். நான்காக மடித்து, எட்டாகவும் மடித்தேன். மகள் எதிரில் வந்து, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். தெளிவாகச் சொன்னாள்: முதல் இரண்டு ஆண்டுகள், மேலே கூரையிட்ட சுடுமிடத்தில், பஞ்சு போன்ற சிறு அடைப்பான்களை மட்டும் செருகிக்கொண்டு சுட்டாளாம். பக்கத்துத் தடுப்பில் இருப்பவர்களின் வெடியும் சேர்ந்து கூரையில் மோதித் திரும்பியிருக்கிறது. ஒருநாள் மாலை காதில் தொடங்கிய ரீங்காரம் பிறகு நிற்கவேயில்லை.

“ஆகஸ்ட்ல சைலன்சர் பத்திக் கேட்டேனே, ‘ஏன் இப்ப திடீர்னு?’னு நீ கேப்பேன்னு நெனச்சேன்ப்பா. கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நீ கேக்கல. டேபிள் போட்ட.”

ஆர்டர் கொடுப்பதைச் சற்று நிறுத்திவை என்று மட்டும் சொன்னேன்.

“நேத்து சாயங்காலமே குடுத்தாச்சு. கம்பெனிக்காரா என் குழலோட மரை அளவுக்குக் கடைஞ்சு தரா. ஆரம்பிச்சுட்டா, ரத்து பண்ண ஒத்துப்பாளான்னு தெரியல.”

செவ்வாயன்று தியாகராய நகருக்கு ஆட்டோவில் புறப்பட்டோம். புகைக்குழாய் ஓட்டையான ஆட்டோ. லஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் அதன் அலறல் என் விலாவில் அதிர்ந்தது. என் கை தானாக எழுந்து மகளின் இடது காதைப் பொத்தியது. அவள் சங்கடத்தோடு விலக்கினாள். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“இன்னா பெர்சு, பாதிலயே எறங்குற?” என்றார் ஓட்டுநர்.

“சத்தம் ஜாஸ்தியா இருக்கு.”

“மெட்ராஸ்ல சத்தத்துக்குப் பயந்தா வூட்லயே குந்திக்கினு இருக்கணும் நைனா. ஏம்மா, உங்கப்பாருக்கு காதுல எதுனா பிராப்ளமா?”

“ஆமாண்ணா, அவருக்குத்தான்” என்றாள் மகள், அவருடைய வாயைப் பார்த்தபடி. வேறு ஆட்டோ பிடித்தோம்.

பரிசோதனை அறையின் கண்ணாடிக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். ஒலி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் கருவியில் சிறு விளக்கு எரியும். கேட்டால் அவள் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் விளக்கும் விரலும் சேர்ந்தே இயங்கின. பிறகு விளக்கு எரிந்தது, விரல் அசையவில்லை. பரிசோதகர் ஒலியைக் கூட்டினார். விளக்கு எரிந்தது. கூட்டினார். எரிந்தது. மகள் மிகுந்த கவனத்தோடு, பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடி காத்திருந்தாள், தேர்வில் கேள்வித்தாள் வருமுன் இருக்கும் மாணவியைப் போல. எத்தனை விளக்குகள் அப்படிக் கழிந்தன என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

வரைபடத்தைக் கையில் வாங்கினேன். நாலாயிரம் ஹெர்ட்ஸில், ஃப்ரிட்ஜின் கீச்சொலி இருக்கும் அதே இடத்தில், கேட்புக்கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. வலது தோளில் துப்பாக்கியை அணைப்பவர்களுக்கு இடது காதே வெடிக்கு அருகில் இருக்கும். ஆகவே இடப்பக்கப் பள்ளம் ஆழம். இந்தக் கோட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் சாக்கட்டியால் வரைந்திருக்கிறேன். மாணவர்களுக்கு மனதில் பதிய வேண்டும் என்பதற்காகச் சற்று மிகைப்படுத்தியே வரைவேன். இதில் மிகை ஏதுமில்லாமலே அது என் கரும்பலகைக் கோடாக இருந்தது.

“போனது திரும்பாது சார்” என்றார் பரிசோதகர். “இருக்கறத காப்பாத்திக்கலாம். பேச்சு இன்னும் ஓரளவுக்கு நல்லாவே கேக்குது. இதே மாதிரி போச்சுன்னா, அதுவும்...”

அவர் முடிக்கவில்லை. மகள் என்னைப் பார்த்து, “என்ன சொல்றா?” என்றாள். அவர் வரைபடத்தை நோக்கிக் குனிந்து பேசியிருந்தார். நான் நேராக நிமிர்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னேன். கடைசி வாக்கியத்தை நானும் முடிக்கவில்லை.

வியாழனன்று அட்டவணையைப் புதிதாக வரைந்தேன். சத்தத்துக்கு அறுபது. மூன்றில் பெரியது, கனமானது வென்றது. கூடவே, அதை மாட்டினாலும் காதுக்குள் அடைப்பான், மேலே செவிமூடி, இரண்டும் வேண்டும் என்று கீழே எழுதினேன். அவளிடம் நீட்டினேன்.

“இதுவும் டேபிள்தானாப்பா?”

“எனக்கு வேற தெரியாது.”

“இவ்ளோ கனத்தை மாட்டினா நான் மொதல்லேர்ந்து பழகணும். இல்லேன்னா விட்டுடணும். ரெண்டுல எதுன்னு போய்தான் யோசிக்கணும்” என்றாள். தாளை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளியன்று விமானம் ஏறினாள். அவள் ஊர் சேர்ந்த செய்தி வந்தது. ஆர்டரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

செய்யாமல் நிற்பவை:

ஆர்டர் ரத்தாயிற்றா என்று அவளிடம் எழுத்தில் கேட்பது.

ரத்தாகாவிட்டால், சிறியதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் பெரியதை வாங்கச் சொல்வது.

மனைவி எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதானா என்று மைத்துனியிடம் விசாரிப்பது.

பரிசோதகர் முடிக்காத வாக்கியத்தை மகளுக்கு முடித்து எழுதுவது.