பேச வருவதாகச் சொன்னவர்

விசுவமடுவில் எங்கள் மாதர் சங்கம் ஒரு பாலர் பாடசாலை நடத்தியது. ஓலைக் கொட்டில், மண் தரை, பின்னால் ஒரு சின்னக் குசினி. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளும், பல வருடங்களுக்கு முன்பே மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே கட்டிப்புரண்டு விளையாடினார்கள். தாய்மார் அப்படியில்லை. கூட்டம் வைத்தால் இரண்டு பக்கமாகப் பிரிந்திருப்பார்கள். யாரும் யாரோடும் சண்டையில்லை, கதையுமில்லை. நான் சங்கத் தலைவி. கரையில் பிறந்தவள்.

ஒருநாள் காலை, குசினியில் சமைக்கும் கரைப் பெண் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, அந்தக் கச்சான் தோட்டத்து அக்கா நாளைக்குப் பின்னேரம் இஞ்ச பேச வாறாவாம். முகமும் அவ்வளவு சரியில்லை."

நிலக்கடலைத் தோட்டம் செய்யும் அந்த அக்காதான் மலையகக் குடும்பங்களுக்காக எப்போதும் முன்னுக்கு நிற்பவர். ஏச்சு விழப்போகிறது என்று குசினியில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். காரணமும் கண்டுபிடித்தார்கள். பாடசாலை வேலியில் கருவாடு காயப்போட்டிருந்தது. அந்த மணம்தான் பிடிக்கவில்லையாம். மத்தியானத்துக்குள் கருவாட்டை எடுத்து வேலியை வெறுமையாக்கிவிட்டார்கள். சமைக்கிறவள் பதிலும் தயாரித்து, அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு நடித்துக் காட்டினாள்.

எனக்கு நாளை வரை பொறுக்க முடியவில்லை. என்ன குறையென்று நேரில் கேட்டுவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அந்த அக்கா புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"எங்களில என்ன பிழை எண்டு சொல்லுங்கோ. கேட்டுப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"பிழையா? ஒண்ணுமில்லையே."

"பேச வாறியள் எண்டு சொல்லிச்சினம்."

"ஆமா, பேசணும்னுதான் சொல்லிவிட்டேன்." பிடுங்கிய புல்லைக் கீழே போட்டார். "ஏசப் போறேன்னு நெனச்சீங்களா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது. அவருடைய வீட்டிலோ பேசுவது வெறும் பேசுவதுதான். வரம்பில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினேன். அவரும் பக்கத்தில் இருந்துவிட்டார்.

அவர் பேச வந்த விடயம் இதுதான். கச்சான் பிடுங்கும் காலம் வருகிறது. தாய்மார் மாலை வரை தோட்டத்தில் நிற்கவேண்டும். அதுவரை பிள்ளைகளைக் கரைப் பெண்கள் கொட்டிலில் வைத்துப் பார்ப்பார்களா? கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தில்தான் முகம் அப்படி இருந்திருக்கிறது. இன்னொன்றும் கேட்டார். வேலியில் காயும் கருவாட்டில் கொஞ்சம் தந்தால் கச்சான் தரலாமாம்.

இதை நான் போய்ச் சொல்வதைவிட நீங்களே வந்து சொல்லுங்கோ என்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் நடந்து வந்தோம்.

எங்களைக் கண்டதும் குசினியில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். அந்த அக்கா நேரே உள்ளே போய், பலகையை இழுத்துப் போட்டு இருந்து, தோட்டத்தில் சொன்னதையே சொன்னார். கடைசியில் கருவாட்டுக் கதை வந்தபோது யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அடக்க முடியவில்லை. தயாரித்த பதிலைச் சொல்லும்படி சமைக்கிறவளை எல்லோரும் பிடித்துத் தள்ளினார்கள். அவள் வெட்கப்பட்டு, பிறகு துணிந்து, அகப்பையைத் தூக்கினாள்.

"எங்கட கருவாட்டு மணம் பிடிக்காட்டி, உங்கட பிள்ளையள் ஏன் சோத்துக் கோப்பையை வழிச்சு நக்கித் தின்னுதுகள்?"

அந்த அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இன்னொருதடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அதன்பிறகு சங்கத்தில் இரண்டு பழக்கம் வந்தது. சொல்ல ஏதும் இருந்தால் ஆளே வந்து சொல்வது. கூட்டம் முடிய முன், ஒரு பக்கத்தார் சொன்னதை மறுபக்கத்து ஆள் ஒருவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. பிழையாக விளங்கிக்கொண்ட பாதி முடிவுகளை அங்கேதான் திருத்தினோம். என்னுடையவற்றையும் திருத்தினார்கள். சில நாட்களில் கூட்டத்தை விட அதற்குத்தான் ஆட்கள் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கச்சான் காலம் முழுக்கப் பிள்ளைகள் மாலை வரை எங்களோடு இருந்தார்கள். அவித்த கச்சானைக் கோதுடைத்துக் கொடுத்துக் கரைப் பெண்களின் விரல் நுனிகள் சிவந்துவிட்டன. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாருக்கு அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும். குடித்துவிட்டு உடனே எழும்புவதாகச் சொல்லித்தான் எல்லோரும் குந்துவார்கள், பிறகு கரைப் பெண்களோடு கதை நீளும். பிள்ளைகள் வந்து சேலையைப் பிடித்து இழுத்தால்தான் எழும்புவார்கள்.