கோரிமேட்டிலிருந்து கடற்கரைக்கு: அலமேலுவுக்கு நான் சுற்றிக் காட்டிய புதுச்சேரி

போன பங்குனியில் நானும் என் மனைவி அலமேலுவும் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போய் வந்தோம். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் என்னைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். அந்த ஊர்த் தெருக்களே வழி தெரியாவிட்டால் என்னைத்தான் கேட்கும்.

காலை ஆறரைக்குப் பேருந்து, ஒரு மணி நேரத்தில் கோரிமேடு. முதல் வேலை பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆறு மாதமாக அலமேலுவுக்குப் பத்தியச் சோறும் பயமும்தான். மதியத்துக்கு மேல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இனிமே இங்க வர வேணாம். அவங்க ஆசைப்பட்டத வாங்கிக் குடுங்க" என்றார். குணமானது பாதி மருந்தால், மீதி என் கவனிப்பால். அந்த வார்டே அசந்துபோய்ப் பார்த்தது.

அங்கிருந்து கடற்கரைக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது, அது என் முகத்துக்கான விலை, உங்களிடம் இருநூறு கேட்பார்கள். வழியில் புங்க மரமெல்லாம் புதுத் துளிர், கீழே பொரி இறைத்த மாதிரி பூ. இப்படி ஒரு பச்சை காஷ்மீரில்கூடக் கிடையாது. நான் போனதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கடலில் அலை தென்னை மர உயரம். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் என் நடையைப் பார்த்து சல்யூட் வைத்தார். பின்னால் ஒரு ஜீப் வந்தது, அது வேறு விஷயம்.

அலமேலு எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தேன், மடியிலேயே வைத்துக்கொண்டாள். புடவை எடுக்கலாமா என்றேன். கண் கலங்கிவிட்டது.

"எத்தினி நாள் கெடு சொன்னாங்க? மறைக்காம சொல்லிடுங்க."

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில், இனி ஆகாது என்று கைவிட்டவர்களைத்தான் 'ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்கள்' என்று டாக்டரம்மா சொன்ன மாதிரியே சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். அவள் அப்பாவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். போதாக்குறைக்குக் கேட்காமலே நான் பூ வாங்கியது கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான். தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை.

குச்சி ஐஸ் வண்டி வந்தது. ஒன்று கேட்டாள், வாங்கினேன். தின்று முடித்து, என் முகத்தையே பார்த்தபடி இன்னொன்று கேட்டாள்.

"ஒன்னு போதும். சளி புடிச்சிக்கினு நீ இருமுவ, எவன் முழிச்சினு கெடக்கறது?"

வண்டிக்காரரே திரும்பிப் பார்த்தார். அலமேலு முதலில் என்னை முறைத்தாள், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சாவப் போறவள யாருனா இப்டித் திட்டுவாங்களா? அப்ப நெசமாவே எனக்கு ஒன்னுமில்ல."

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. டாக்டரம்மா வாயால் ஆகாதது என் வாயால் ஆனது. பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். இரண்டு தெரு தாண்டி ஒரு வேப்பமரம், அடியெல்லாம் பூ. உட்கார்ந்து முந்தானையில் அள்ளினாள். நம்ம ஊரில் இல்லாத வேப்பமரமா என்று கேட்டேன்.

"இப்பத்தாங்க கண்ணுல படுது. காயவெச்சா வருசம் பூரா ரசத்துக்கு ஆவும்."

போகிறவர்கள் பங்குனியில் போங்கள். மாலை ஆறுக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நடக்க சுகம். ஒரு துணிப்பை அவசியம். நாங்கள் எடுத்துப் போகவில்லை. அத்தனை பூவும் என் புதுத் துண்டில் மூட்டையாகி என் தோளில்தான் வந்தது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவ்வளவு வேப்பம்பூவோடு இதுவரை ஒருத்தனும் இறங்கியதில்லை.